காசிமேடு முதல் எண்ணூர் வரை, ஒரு 50 மி.மீ. லென்ஸோடு

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை, நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கே விடிந்துவிடுகிறது. ஆழ்கடலில் பல நாள் தங்கிப் பிடித்த மீனோடு விசைப்படகுகள் சனி இரவிலிருந்தே ஒவ்வொன்றாக வந்து அணைகின்றன. ஐஸ் உடைக்கிற சத்தம், ‘ஓரம், ஓரம்’ என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறவர்கள், வஞ்சிரத்துக்கு ஒரு பக்கம் ஏலம், சங்கராவுக்கு ஒரு பக்கம் ஏலம். காலடியில் மீன் கழுவிய தண்ணீர். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும்தான் இந்த இடம் கொஞ்சம் மூச்சு விடும்.

கேமராக்காரனுக்கு இங்கே ஒரே எதிரி வெளிச்சம். உயரக் கம்பங்களில் எல்இடி விளக்குகள் எரிகின்றன. ஆனால் குனிந்து மீனைப் பிரிக்கிறவர்களின் முகத்தில் அவர்கள் நிழலே விழுகிறது. இந்த இருட்டுக்காகத்தான் இங்கே வந்தேன். மிர்ரர்லெஸ் கேமரா வாங்கியாயிற்று. அதற்கு எடை குறைந்த, வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடுகிற ஒரு ஸ்டாண்டர்ட் லென்ஸ் வேண்டும். கடையில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எந்த இடத்தில் படமெடுக்கப் போகிறேனோ அந்த இடத்திலேயே பார்த்துவிடுவது என்று, விடிவதற்கு முன் காசிமேட்டில் தொடங்கி, பொழுது சாயும்போது எண்ணூர் முகத்துவாரத்தில் முடிகிற மாதிரி ஒரு நாளை வைத்துக்கொண்டோம். உடன் வந்த நண்பர் கல்யாண வீடுகளில் படமெடுப்பவர்.

என்னிடம் இருந்தது சோனி ஏ7சி. பேட்டரியோடு 509 கிராம். பையில் மூன்று லென்ஸ்: கேமராவோடு வந்த 28-60 ஜூம், 167 கிராம், கடன் வாங்கிய 50 மி.மீ. எஃப்1.8, 186 கிராம். ஒரு நாள் வாடகைக்கு எடுத்த 50 மி.மீ. எஃப்1.2 ஜிஎம், 778 கிராம். நண்பரின் ஃபியூஜி கேமராவில் 35 மி.மீ. எஃப்2, 170 கிராம்.

ஸ்டாண்டர்ட் லென்ஸ் என்று ஏன் 50 மில்லிமீட்டரைச் சொல்கிறோம்? முழு அளவு சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். அதன் மூலைக்கு மூலை 43 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். குவியத் தூரம் அந்த அளவை ஒட்டி இருந்தால் படத்தில் அருகில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் நாம் நேரில் பார்த்த விகிதத்திலேயே தெரியும். லைக்கா காலத்திலிருந்து அது 50 என்று நிலைத்துவிட்டது. சென்சார் சிறிதானால் இந்த எண்ணும் சிறிதாகும். ஃபியூஜி போன்ற ஏபிஎஸ்-சி கேமராவில் 35 மில்லிமீட்டரே ஸ்டாண்டர்ட். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25.

‘வேகமான லென்ஸ்’ என்பதில் வேகம் ஷட்டருடையது. லென்ஸின் வாசல், அதாவது அபெர்ச்சர், பெரிதாக இருந்தால் வெளிச்சம் சீக்கிரம் நிறையும், ஷட்டரைச் சீக்கிரம் மூடலாம். ஏல மேடையருகே இதைக் கண்ணெதிரே பார்த்தோம். ஜூம் லென்ஸை 60 மி.மீ. முனைக்கு இழுத்தால் அதன் வாசல் எஃப்5.6. ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றியும் ஷட்டர் 1/25-க்கு மேல் போகவில்லை. ஏலம் கூறுகிற ஆளின் கை ஒரு மஞ்சள் கோடாகத்தான் விழுந்தது. அதே இடத்தில் எஃப்1.8 மாட்டினேன். ஷட்டர் 1/250. கை நின்றது, விரலிடுக்கில் மடித்துச் செருகிய ரூபாய் நோட்டுகள் வரை தெரிந்தன. கணக்கு எளிது: எஃப் எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் வெளிச்சம் மாறும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ பத்து மடங்கு.

ஆனால் 1/250-இல் எடுத்த சில படங்களில் குறுக்கே இருட்டுப் பட்டை விழுந்திருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டருக்கு நன்றாகத் தெரியும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/100-இல் நிறுத்தினால் பட்டை போய்விடுகிறது. வேகத்தைக் குறைத்ததால் ஐஎஸ்ஓவும் 6400-இலிருந்து 2500-க்கு இறங்கியது, புள்ளி விழுவது குறைந்தது. மீன் துள்ளினால் வால் மட்டும் கலைந்து தெரியும். சந்தைப் படத்துக்கு அது குறையில்லை.

அடுத்தது எஃப்1.2. 1.8-ஐவிட இரண்டேகால் மடங்கு வெளிச்சம், நாலு மடங்குக்கும் மேல் எடை, விலை ஏழெட்டு மடங்காவது இருக்கும். காரணம் கண்ணாடியில் இருக்கிறது. 50 மி.மீ. எஃப்1.8-க்கு வாசல் விட்டம் 28 மில்லிமீட்டர் போதும், எஃப்1.2-க்கு 42 வேண்டும். அவ்வளவு அகலமான வாசலில் ஓரத்திலிருந்து வரும் கதிர்களை ஒரே புள்ளியில் சேர்க்க, அதில் 14 கண்ணாடிகளை அடுக்கியிருக்கிறார்கள். 1.8-இல் ஆறே கண்ணாடி. 1896-இல் சைஸ் நிறுவனத்தின் பவுல் ருடால்ஃப் வடிவமைத்த பிளானர் லென்ஸிலும் ஆறு கண்ணாடிகள்தான். நடுவாசலுக்கு இரு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக நிற்கிற அந்த அமைப்பின் வாரிசுகளே இன்றைய மலிவான ஐம்பதுகள். நூறு வருஷத்துக்கு மேல் பழகித் தேய்ந்த வடிவம் என்பதால்தான் அவை குறைந்த கண்ணாடியில், குறைந்த காசில் நல்ல படம் தருகின்றன.

இரண்டேகால் மடங்கு வெளிச்சம் கிடைத்ததே, அதை வைத்து என்ன செய்தேன்? இரண்டு மீட்டரில் நிற்கிற ஆளை எஃப்1.2-இல் எடுத்தால் முன்னும் பின்னுமாகச் சேர்த்துப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குள்தான் தெளிவு. எஃப்1.8-இல் பதினேழு. எஃப்2.8-இல் இருபத்தேழு. ஏலம் கூறுகிறவர் ஓரிடத்தில் நிற்பதில்லை. தலையை இங்கே திருப்பி ஒரு விலை, அங்கே திருப்பி ஒரு விலை. எஃப்1.2-இல் கண் விழுந்தால் காது விழவில்லை. பின்னால் இருந்த மீன் குவியலும் கூட்டமும் படகும் கரைந்து வெறும் நிறமாகிவிட்டன. ஸ்டுடியோவில் எடுத்த முகம் மாதிரி இருந்தது, காசிமேடு காணாமல் போயிருந்தது. நல்ல படங்கள் பெரும்பாலும் எஃப்2-க்கும் 2.8-க்கும் இடையில்தான் கிடைத்தன.

எடைக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெரிய லென்ஸை மாட்டி நின்ற சிறிது நேரத்திலேயே ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்.

“இன்னா சார், எந்த சேனலு?”

“சேனல் இல்லண்ணே, சும்மா.”

“சும்மாவா இம்மாம் பெரிய லென்ஸு?”

சின்னதை மாட்டியதும் யாரும் கேட்கவில்லை. நண்டு பிரித்துக்கொண்டிருந்த அக்கா மட்டும் நிமிராமலே, “மூஞ்சிய எடுக்காத கண்ணு, நண்ட எடு” என்றார். நண்டை எடுத்தேன். திரையைக் காட்டினேன். பார்த்துவிட்டு, “இப்ப எடு” என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகப் பார்த்தார். அந்தப் படம் எஃப்2-இல் எடுத்தது. 50 மில்லிமீட்டரில் இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம் விழும்: ஒரு நண்டுக் கூடை, அதன் பின்னால் ஓர் ஆள். இரண்டு மீட்டர் என்பது பேசுகிற தூரம். அந்தத் தூரத்தில் நின்றுகொண்டு கேட்காமல் எடுக்க முடியாது.

வெளுத்தபோது ராயபுரம் ரயில் நிலையத்துக்கு நடந்தோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பழைய கட்டடம் தூண்களோடு இன்னமும் நிற்கிறது, இந்தியாவில் எஞ்சியிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் ஆகப் பழையது. அதே 1856-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஸ்ரீரங்கம், தஞ்சை, மதுரை என்று கிளம்பியபோது அவருடைய கேமராவும், மெழுகு தோய்த்த காகித நெகட்டிவ்களும், ரசாயனங்களும் மாட்டு வண்டிகளில் போயின. எடையைப் பற்றி நாம் புலம்புவதற்கு அவர் சிரித்திருப்பார்.

ஸ்டாண்டர்ட் லென்ஸ் தோற்கிற இடமும் இந்த ராயபுரம் நிலையம்தான். இருபது மீட்டர் அகலச் சுவர் முழுதும் விழ வேண்டுமென்றால் 28 மீட்டர் பின்னால் போக வேண்டும். போனால் நடுவே ஆட்டோவும் வண்டியும் குறுக்கிடுகின்றன. முழுக் கட்டடத்தை விட்டுவிட்டு ஒரு தூணையும், அதனடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவரையும் எடுத்தேன். கட்டடம்தான் வேண்டும் என்பவர்களுக்கு 28 மில்லிமீட்டரே சரி. ஒரே லென்ஸோடு போகிறவர் எதையெல்லாம் விடப்போகிறோம் என்று முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. ஆன்ரி கார்த்தியே-பிரஸ்ஸோன் வாழ்நாளின் பெரும்பகுதியை 50 மில்லிமீட்டரிலேயே ஓட்டினார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படமாக்கியவர் அவர்தான்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினோம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையான இந்த நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சுரங்கத்திலிருந்து ரயில் மேலே ஏறியதும் வலப்பக்கம் கடல், இடப்பக்கம் மாடி வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகள், அவற்றுக்கு அப்பால் மணலிப் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைகளின் கோபுரங்கள். திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் தியாகராஜர், வடிவுடையம்மன் கோயில்.

கோயிலுக்குள் கேமரா பையிலேயே கிடந்தது. அது இல்லாமல் பார்க்க வேண்டிய இடம் அது. மூலவர் ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைகிறார்கள். பின்புறம் யானை முதுகுபோல் வளைந்த தூங்கானை மாட விமானம் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கற்றளி. சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்தது இந்தத் தலத்தில்தான் என்கிறது புராணம். பிராகாரத்து மகிழ மரத்தடியில் இருந்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் அடங்கிய இடத்துக்குப் போனோம். எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவர் முன்னால் மூன்று லென்ஸ் பையோடு நிற்பதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. தோள்பட்டையும் அவர் கட்சிக்குப் போயிருந்தது.

கடற்கரை என்று சொன்னாலும் மணல் அதிகமில்லை, பாறாங்கல் கொட்டிய தடுப்புதான் நீண்டு கிடக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் தெற்கிலிருந்து வருகிற மணலைத் தடுத்து நிறுத்திவிட்டது. மெரினா அகன்றது, வடக்கே கரை அரித்தது. மெரினாவில் காற்று வாங்குகிற நமக்கு அந்த மணல் யார் வாசலுக்குப் போக வேண்டியது என்று தோன்றுவதில்லை. பாறைமேல் நின்றால் அலைச் சாரல் நேரே லென்ஸில் அடிக்கிறது. நண்பரின் ஃபியூஜி லென்ஸில் ரப்பர் அடைப்புகள் உண்டு. தண்ணீரும் தூசும் எளிதில் புகாது. என் எஃப்1.8-இல் அது இல்லை. 49 மி.மீ. யுவி ஃபில்டர் ஒன்றைத் திருகி முன்பக்கத்தைக் காப்பாற்றலாம், மவுண்ட்டை என்ன செய்வது? நண்பர் சாரலில் நனைந்தபடி எடுத்தார். நான் ஒவ்வோர் அலைக்கும் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

நெடுஞ்சாலைக்கு வந்தால் ஆலைகளின் ஊர். கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் இங்கே ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார், அதுதான் எம்ஆர்எஃப் ஆனது. என்ஃபீல்டு இந்தியா 1955-இல் தொடங்கி இங்கேதான் புல்லட் செய்தது. தீப்பெட்டி செய்த விம்கோ போய்விட்டது, பெயர் மட்டும் ரயில் நிலையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வடக்கே போனால் அசோக் லேலண்டு. ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களைத் தேநீர்க் கடையில் எடுத்தேன். ஆலை வாயில்களிலும் துறைமுகச் சுவர் ஓரத்திலும் கேமராவைத் தூக்கினால் காவலர் வருவார், அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் திருப்பாமல் இருப்பதே புத்தி.

கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் புழுதி கிளப்புகிற இந்தச் சாலையில் லென்ஸ் மாற்றவே கூடாது. காலையில் மாட்டியதுதான் மாலை வரை. எனவே வாடகை லென்ஸ் பைக்குள்ளேயே பயணம் செய்தது. கேமராவும் எஃப்1.8-உம் சேர்ந்து 695 கிராம். சோனியின் 24-70 எஃப்2.8 ஜூம் (இரண்டாம் பதிப்பு) தனியாகவே அந்த எடை. எஃப்1.2-ஐ மாட்டினால் மொத்தம் 1,287. முதல் மணி நேரத்தில் வித்தியாசம் தெரியாது. மதிய வெயிலில் கழுத்துப்பட்டை தோலில் ஒட்டும்போது, ‘இதை எடுக்க வேண்டுமா, விடு’ என்று மனம் சொல்லத் தொடங்கும். கனம் படத்தைக் கெடுப்பது அப்படித்தான்: எடுக்காமல் விட்ட படங்களாக.

விம்கோ நகரில் மின்சார ரயிலைப் பிடித்து, கத்திவாக்கம் தாண்டி எண்ணூர். அங்கிருந்து முகத்துவாரம். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கடலைச் சந்திக்கிற இடம். ஒரு பக்கம் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், மறு கரையில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், அதற்கப்பால் 2001-இல் இயங்கத் தொடங்கிய காமராசர் துறைமுகம். பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. சாம்பல் கூழ் கழியில் சேர்ந்து ஆழம் குறைந்துவிட்டது என்று மீனவர்கள் பல்லாண்டாகச் சொல்லிவருகிறார்கள். 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்திலும் இந்தத் தண்ணீரில் எண்ணெய் படர்ந்தது.

பாலத்தின் மேல் நின்று டெலி லென்ஸில் எடுத்தால் ஒரு ‘நல்ல’ படம் சுலபமாக வரும். தூரத்துப் புகைபோக்கி முன்னால் இழுபட்டுப் படகுக்கு நேர் பின்னால் மலைபோல் நிற்கும், படகில் இருக்கிற ஆள் கருநிழலாகத் தெரிவார். பத்திரிகைகளில் எண்ணூர் என்றால் இந்தப் படம்தான். அது பொய்யில்லை, ஆனால் தூரத்திலிருந்து சொல்வது. ஐம்பதில் அது வராது. புகைபோக்கி தன் அளவில் தள்ளி நிற்கும், படகு சின்னதாகும். படம் வேண்டுமென்றால் இறங்கித்தான் ஆக வேண்டும்.

இறங்கினோம். இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி எறா பிடித்துக்கொண்டிருந்தவர் கரையேறிப் பறியைக் கவிழ்த்தார். சேற்று நிறத்தில் ஒரு கை எறா. “பால்த்து மேல நின்னு எடுக்கறவங்கதான் நெறய. தண்ணி கிட்ட வர்றவங்க கம்மி” என்றார். அவருடைய உள்ளங்கையை ஐம்பதில் நெருங்கி எடுக்கப் பார்த்தேன். இந்த லென்ஸ் 45 சென்டிமீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. அரை நொடி தேடித் தடுமாறி, மோட்டார் முனகிவிட்டுத்தான் நின்றது. விலைக்கேற்ற குறை. நண்பரின் 35 இன்னும் பத்து சென்டிமீட்டர் நெருங்கிப் போய், சத்தமில்லாமல் பிடித்தது. சூரியன் விழுந்ததும் முறை மாறியது. அவர் சென்சார் என்னுடையதில் பாதிக்கும் குறைவான பரப்பு, அதனால் இருட்டு நிழல்களில் புள்ளி முந்திக்கொண்டு வந்தது.

வடசென்னைக் குழந்தைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுத்தந்த புகைப்படக்காரர் எம். பழனிக்குமார், மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். அந்தத் தாயின் உழைப்பையே படமாக்கியவர். அவருடைய படங்களில் ஆட்கள் நம்மைப் பார்க்கிறார்கள். இந்தப் பகுதியில் படமெடுக்க வருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸ் பட்டியலை அல்ல, அத்தகைய படங்களில் கேமரா எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை உண்டு. லென்ஸில் படிந்திருக்கும் அனல்மின் நிலையச் சாம்பல் துகள் பெரும்பாலும் சிலிகாவும் அலுமினாவும் சேர்ந்த கடினமான பொடி. துணியால் நேரே துடைத்தால் பூச்சில் கீறல் விழும். முதலில் ஊதுகுழலால் ஊதி, பிறகு மென்துணியை லேசாக ஈரமாக்கி உப்பை எடுக்க வேண்டும். சென்னை ஈரத்தில் பைக்குள் போட்டு மறந்த லென்ஸில் பூஞ்சை பிடிப்பது நிச்சயம். 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கிற உலர் பெட்டி, வசதியில்லையென்றால் மூடி இறுகும் டப்பாவில் சிலிகா ஜெல்.

என் முடிவு எஃப்1.8. வாடகை லென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன், மிச்சமான பணத்தில் முதலில் உலர் பெட்டி. கேனான்காரர்களுக்கு ஆர்எஃப் 50 எஃப்1.8 இருக்கிறது: 160 கிராம், 30 சென்டிமீட்டர் வரை நெருங்கும், ஆனால் அடைப்பு இல்லை. நிக்கானில் இரண்டு வழி: 170 கிராமில் 40 மி.மீ. எஃப்2, அல்லது அடைப்புகளோடு இன்னும் துல்லியமான 50 எஃப்1.8 எஸ், அது 415 கிராம். ஒலிம்பஸின் 25 மி.மீ. எஃப்1.8 வெறும் 137. கடலோரமே கதி என்பவர் ஃபியூஜியின் 35 எஃப்2-ஐ யோசிக்கலாம். கல்யாண மண்டபத்து முகங்களுக்கு, பின்னணி கரைந்தே ஆக வேண்டுமென்றால், எஃப்1.2 தன் காசுக்கு வேலை செய்யும். வாடகைக்கே கிடைக்கும்போது சொந்தமாக வேண்டுமா என்பது வேறு கேள்வி.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை போதும். கடையில் சுவரில் ஒட்டிய அட்டையை எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். லென்ஸை மாட்டிக்கொண்டு கடைக்காரரிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள், விளக்கில் ஒன்றை அணைக்கச் சொல்லுங்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுங்கள். அவர் பேச்சை நிறுத்திவிட்டு லென்ஸைப் பார்த்தால் அது உங்களுக்குப் பெரிது.